திருமலைச் சமணப் பள்ளி: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம்

நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். வேலூரிலிருந்து ஒரு பகலை ஒதுக்க முடிந்தவர்களுக்குப் போளூர்ப் பக்கத்துத் திருமலை, என் மதிப்பெண்ணில் ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை இடத்துக்காக இல்லை. அங்கே இருப்பதை எடுத்துச் சொல்லும் ஏற்பாடு போதவில்லை என்பதற்காக. வள்ளிமலைக் குகைகளுக்கு நான்கு, பஞ்சபாண்டவர் மலைக்கு மூன்றரை. மூன்றுமே சமணர்கள் இருந்த மலைகள், மூன்றுமே பழைய வடார்க்காட்டு மண். 1989-இல் ஒரு தடவை, 2019-இல் ஒரு தடவை மாவட்டத்தைக் கூறுபோட்டதில் திருமலை திருவண்ணாமலைக்குப் போனது, பஞ்சபாண்டவர் மலை ராணிப்பேட்டைக்குப் போனது, வள்ளிமலை மட்டும் வேலூரோடு நின்றுவிட்டது. மேப்பில் தேடும்போது போளூர் என்று சேர்த்தே போடுங்கள். வெறுமனே திருமலை என்று அடித்தால் போன் உங்களைத் திருப்பதிக்கு ஏற்றிவிடப் பார்க்கும்.

கிளம்பும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கல்வெட்டுகளில் வரும் 'பள்ளி' என்பது சமண முனிவர்கள் தங்கி, படித்து, படிப்பித்து, வழிபட்ட இடம். அதற்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்'. கோயில் பார்க்கிற கண்ணோடு போனால் கோபுரம், கருவறை, பெரிய சிலை, ஒரு செல்ஃபி, முக்கால் மணியில் முடிந்துவிடும். பள்ளி என்று நினைத்துக்கொண்டு போனால் கேள்வியே வேறு. மலை மேல் குடியிருந்தவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? தண்ணீர்? இரவில் எரிந்த விளக்குக்குப் பணம்? மூன்றுக்கும் விடையைத் திருமலைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

வழி சிக்கலில்லை. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகத் தெற்கே வரும் சாலையைப் பிடித்து, ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில் வடமாதிமங்கலம் பக்கம் வந்தால் மலை தெரிந்துவிடும். சொந்த வண்டியில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் போளூரோ ஆரணியோ வந்து, அங்கிருந்து டவுன் பஸ் அல்லது ஆட்டோ. ஆட்டோவில் போகிறவர்கள் திரும்புவதற்கும் சேர்த்தே பேசிவிடுவது நல்லது. மத்தியானத்தில் அந்தப் பக்கம் வண்டி கிடைக்கும் என்று நம்பி நிற்க வேண்டாம்.

நேரம்தான் இங்கே முக்கியம். காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். வெயில் ஒரு காரணம்: பங்குனி தொடங்கிவிட்டால் பதினோரு மணிக்குப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது, மேலேயோ செருப்பு கூடாது. அதைவிடப் பெரிய காரணம் கல்வெட்டு. தேய்ந்த எழுத்தைப் படிக்க வெளிச்சம் சாய்ந்து விழ வேண்டும். உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகிவிடும். ஆயிரம் ஆண்டு எழுத்து எதிரிலேயே இருந்தும் வெறும் சொரசொரப்புதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பாறை பாசிபிடித்து வழுக்கும். தை, மாசிதான் சரியான காலம்.

அடிவாரத்திலிருந்து தொடங்குவோம். இங்கே முதலில் தேட வேண்டியது கோபுரத்தை இல்லை, அதற்கு முன்னால் மண்ணில் புதைந்து கிடக்கும் பாறையை. அதில் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 1005, 1006 வாக்கில் வெட்டியது. விஷயத்தைச் சொல்வது அதில் வரும் ஒரு பாட்டு. 'அலைபுரியும் புனற்பொன்னி ஆறுடைய சோழன் அருமொழிக்கு யாண்டு இருபத்தொன்றாவது' என்று காவிரிக்காரனைச் சொல்லித் தொடங்குகிறது. காவிரி எங்கே, இந்த வறண்ட மலையடிவாரம் எங்கே! ஆனால் பாட்டின் விஷயம் தண்ணீர்தான். குணவீர மாமுனிவர் என்ற சமண முனிவர் கணிசேகர மருபொற்சூரியன் என்பவர் பெயரால் ஒரு கலிங்கு கட்டினார். வைகைமலைக்கு இருமருங்கும் நெல் விளையக் கண்டார். வைகைமலை என்றால் இந்தத் திருமலைதான், மதுரை வைகையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கலிங்கு என்றால் என்னவென்று ஏரிப்பாசனம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் மதகோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களே மதகு என்று பொருள்படும்படித்தான் எழுதிவைத்தார்கள். மதகு வயலுக்குத் தண்ணீர் விடுவது. கலிங்கு ஏரி நிரம்பியபின் மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறக் கரையின் ஓரத்தில் கட்டும் கல்கட்டு. அது இல்லாவிட்டால் ஒரு பெருமழையில் தண்ணீர் மண்கரை மேலேறி வழியும். வழிந்த இடம் அரிக்கும். விடிவதற்குள் கரை உடைந்து, ஒரு வருட நெல் போய்விடும். கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிகிற தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் கூடுதலாக ஓரிரு அடி தண்ணீர் நிற்கும். அந்த ஓரிரு அடிதான் கடைசித் தண்ணீர். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காப்பாற்றுவது அதுதான். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று தெரிய வேண்டும். முன்கூட்டி அடைத்துவிட்டு அடுத்த நாள் புயல் வந்தால் கரைக்கே ஆபத்து.

ஒரு பைசா கையில் வைத்துக்கொள்ளக் கூடாத துறவி இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார் என்றால், அவர் பின்னால் ஊர் நின்றிருக்கிறது. பள்ளியும் ஊரும் ஒரே ஏரியில் குடித்தன. திருமலையைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைக்க முடியும் என்றால் சிலையை விட்டுவிட்டு இதை வையுங்கள்.

அடுத்தது விளக்கு. மலை மேல், பாறையில் செதுக்கிய சமண உருவத்தை அடுத்து வழவழப்பான பாறைப் பரப்பில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு. வரலாற்றுப் புத்தகங்களில் திருமலை என்ற பெயர் அடிபடுவதே இதனால்தான். 'திருமன்னி வளர' என்று தொடங்கி அரசனின் வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியில் வங்காளம் வரை போன கங்கைப் படையெடுப்பு வருகிறது: தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்து இரணசூரன், வங்காளதேசத்துக் கோவிந்தசந்தன், மகிபாலன். கடாரம் இன்னும் வரவில்லை. கடாரத்துக்குக் கப்பல் போனது 1025 வாக்கில். இந்தக் கல்வெட்டு அந்த வெற்றி பட்டியலில் ஏறும் முன் வெட்டியது என்பதால் பட்டியல் கங்கையோடு நின்றுவிட்டது. எந்தெந்த வெற்றி எந்தக் கல்வெட்டிலிருந்து பட்டியலில் ஏறுகிறது என்று பார்த்தே போர்களின் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த வகையில் இந்தப் பாறை ஒரு தேதி முத்திரை.

ஆனால் இத்தனை படையெடுப்பையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கல்வெட்டு வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருந்த வியாபாரி நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயிலுக்கு, அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தி. மீதி எல்லாம் அரசன் பெயரைச் சொல்லித் தேதி போடும் சடங்கு. முதலாகிய காசைத் தொடாமல் அதன் வட்டியில் எண்ணெய் வாங்கி விளக்கெரிப்பது அந்நாளைய வழக்கம். சோழநாட்டுக் கோயில்களில் இதே வேலைக்கு 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். நெய் அதிலிருந்து வரும். வியாபாரி வீட்டு அம்மா காசாகவே வைத்துவிட்டார்.

குந்தவை ஜினாலயம் என்ற பெயரும் இந்தக் கல்வெட்டில்தான் வருகிறது. ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயர். அவர் திண்டிவனம் பக்கம் தாதாபுரத்திலும் சிவன் கோயில், விஷ்ணு கோயில், ஜினாலயம் மூன்றையும் ஒரே ஊரில் எடுத்தவர் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'சைவ அரசி சமணர்களுக்குக் கட்டினாரே' என்று வியக்கும் யூடியூப் குரல்களை அணைத்துவிட்டுப் பாருங்கள். தக்கோலத்தில் 949-இல் சோழர்களை வென்று இந்தப் பக்கத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்திலும் இங்கே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். அரசி கங்கமாதேவியின் பணியாள், திருமலை இயக்கன் என்ற காவல் தெய்வத்துக்கு வைத்தது. அரசர்கள் மாறினார்கள், எண்ணெய் தொடர்ந்தது.

இனிக் குகை. அடிவாரக் கோயிலுக்குப் பின்னால் பாறை துருத்தி நிற்கும் இடத்தில், அந்தப் பாறையையே கூரையாக்கிச் செங்கல் சுவர் எழுப்பி, அடுக்கடுக்காக அறைகள் அமைத்திருக்கிறார்கள். முனிவர்கள் தங்கிய பள்ளியைக் கண்ணால் பார்க்க வடார்க்காட்டில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. படிகள் குறுகல், தலை இடிக்கும், வௌவால் நாற்றம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழ் அறையோடு நிறுத்திவிடுங்கள். பாறையில் செதுக்கிய பாகுபலி, பார்சுவநாதர், தர்மதேவி சிற்பங்கள் சோழர் காலப் பாணி. தர்மதேவியிடம் சற்று நின்று பாருங்கள். குழந்தைகளோடும் சிங்கத்தோடும் நிற்பவள், சமணத் தீர்த்தங்கரர்களில் ஒருவரான நேமிநாதரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம். தமிழ்ச் சமணர்கள் அம்மன் என்று கும்பிடுவது இவளைத்தான்.

அறைகளின் கூரையிலும் சுவரிலும் ஓவியங்கள். சமவசரணத்தை வட்டமாக வரைந்தது இதில் முக்கியம். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றபின் தேவரும் மனிதரும் விலங்கும் கூடி அவர் உரை கேட்கும் சபை அது. நடுவில் அவர், சுற்றிலும் வளையம் வளையமாகக் கேட்பவர்கள். வட்டமாக ஒரு கோலம் போல இருக்கிறதே என்று நினைத்து நகர்ந்துவிட வேண்டாம். வெளி வளையத்திலிருந்து உள்ளே கண்ணை நகர்த்திக்கொண்டு போனால்தான் புரியும். காலம் பற்றி ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. சோழர் காலம் என்பவர்கள் உண்டு, விஜயநகர காலம் அல்லது அதற்கும் பின் என்பவர்களும் உண்டு. ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு ஏறியிருக்கும் இடங்களில் இரு தரப்பும் சொல்வது பொருந்திவிடக்கூடும்.

இந்த ஓவியங்கள் ஏன் இப்படி உரிந்து கிடக்கின்றன என்று கோபப்படுகிறவர்கள் காரணத்தையும் தெரிந்துகொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சு பாறையோடும் செங்கல்லோடும் ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பாறை வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசிந்து பூச்சுக்குப் பின்னால் இறங்கும். கோடையில் அது காயும்போது உப்பு பூத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். முதலில் குமிழ் போல உப்பும், பிறகு ஒரு நாள் தட்டாக விழும். மேலே வௌவால் எச்சம், பழைய விளக்குகளின் கரி. நம் பங்குக்கு, கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியால் கீறிய பெயர்களும். காதல் சின்னம் கீறுகிறவன் வண்ணத்தை மட்டும் கெடுப்பதில்லை, உப்பிய பூச்சின் விளிம்பை உடைத்துவிடுகிறான். அடுத்த மழையில் அந்தக் கீறலைச் சுற்றி ஒரு கை அகலம் விழும். ஆகவே சுவரில் சாயக் கூடாது, முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், ஃபிளாஷ் கூடாது. ஓவியம் பார்க்க டார்ச்சை நேராக அடிக்காமல் எதிர்ச் சுவரில் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணம் நன்றாகத் தெரியும்.

கல்வெட்டுக்கு இதற்கு நேர் எதிர் வித்தை. டார்ச்சைக் கல்லோடு கல்லாக, பக்கவாட்டில் ஓர் அடி தூரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும். ஒருவர் பிடிக்க ஒருவர் படம் எடுத்தால் வேலை சுலபம். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று ஒரே வரியை இரண்டு முறை எடுங்கள். சுண்ணாம்புக்கட்டி, திருநீறு, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். அந்த நேரத்துக்கு எடுப்பாகத் தெரியும். பிறகு நுணுக்கமான கோடுகளில் அடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. ஈரக்காகிதம் ஒற்றி, பிரஷ்ஷால் அடித்து மைப்படி எடுப்பது அனுமதி பெற்றவர்கள் வேலை. படிக்கத் தொடங்குவது எங்கே? 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தேடுங்கள், அதன்பின் சோழ அரசர்களின் பட்டப்பெயரான 'கோப்பரகேசரி' அல்லது 'கோவிராஜகேசரி', பிறகு ஆட்சியாண்டைக் குறிக்கும் 'யாண்டு', அதையடுத்து எண். இந்த நாலைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி பழகிவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இருக்காது. முதல் முறை திணறுவது இயல்புதான்.

ஓவியக் குகைக்குப் போகும் வாசலின் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பழுதுபார்த்த ரசீது என்று சொல்லலாம். சேரர் குலத்து எழினி வைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்து கிடந்தனவாம். தகடூர் அதியமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைத் திருத்தி, 'எண்குணவிறை திருமலை'யில் மறுபடி வைத்தார். ஒரு சேகண்டியும் கொடுத்தார், ஒரு கால்வாயும் வெட்டினார். வடமொழியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இந்த மலையின் இன்னொரு பெயரான அர்கசுகிரியும் இதில் வருகிறது. இன்றைய அரகந்தகிரி மடத்தின் பெயர் அதன் தொடர்ச்சி. மறுபடியும் கால்வாய், பார்த்தீர்களா? இந்த மலைக்கு யார் என்ன செய்தாலும் கூடவே தண்ணீருக்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நேமிநாதர் சிலைக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை, அதற்கு விளம்பரம் போதிய அளவு இருக்கிறது. ஊரார் சொல்லும் பெயர் சிகாமணிநாதர். பாறையிலேயே செதுக்கியது, 16 மீட்டருக்கு மேல் உயரம், தமிழ்நாட்டின் மிக உயரமான சமணச் சிற்பம், 12ஆம் நூற்றாண்டு என்று கருதுகிறார்கள். காலடியில் நின்று அண்ணாந்தால் தாடைதான் தெரியும்; தள்ளி நின்று முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் நெருங்குங்கள். அதற்கு மேல் உச்சியில் பார்சுவநாதர் கோயிலும் முனிவர்களின் பாதச் சுவடுகளும். உச்சிக்கு ஏறத் தயங்குகிறவர்கள் காற்றுக்காகவாவது ஏறலாம். சுற்றிலும் ஏரிகள் தெரியும், கலிங்குப் பாட்டு மேலே நின்று பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

இது வழிபாடு நின்றுபோன இடிபாடு இல்லை. ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்கள், ஊரார் நயினார் என்று அழைக்கும் குடும்பங்கள், இன்றும் வந்து கும்பிடும் இடம். தோல் பெல்ட், தோல் பர்ஸை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு படியில் உட்காராதீர்கள். அடிவாரத்தில் 1998-இல் தொடங்கிய மடம் இருக்கிறது. தங்கவோ சாப்பிடவோ நினைத்தால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவதே மரியாதை. சமணர்களிடம் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. ஏழு மணிக்குப் போய் 'சாமி, ஏதாவது டிபன் இருக்குங்களா' என்று நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம். வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத சமையல் பிடிக்காதவர்கள் போளூரிலோ ஆரணியிலோ பார்த்துக்கொள்ளலாம். அறைகள் பூட்டியிருக்கலாம், சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, 'ஐயா, ஓவியக் குகையையும் பார்க்கணும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலையை மட்டும் காட்டி அனுப்பிவிட்டால் திரும்ப ஏறுவது உங்கள் கால்தான்.

குறை என்று சொன்னேனே. கலிங்குக் கல்வெட்டும் சாமுண்டப்பையும் எங்கே இருக்கிறார்கள் என்று புதிதாக வருபவருக்குக் கைகாட்ட எதுவும் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 66ஆம் எண்ணிலிருந்து திருமலைப் பாடங்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கையில் கொண்டு போனால் கைடு தேவையில்லை. அது இல்லாமல் போகிறவர்களுக்கு என் நாலரை மூன்றாக இறங்கிவிடும்.

பஞ்சபாண்டவர் மலை ஆற்காட்டுக்குப் பக்கம், விளாப்பாக்கத்தை அடுத்து. பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமணர் குகை எங்கே இருந்தாலும் பஞ்சபாண்டவர் பெயரை ஒட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். கல்வெட்டில் திருப்பான்மலை. குடைந்த மண்டபத்தில் தூண் வரிசையும் காலியான அறைகளும்தான்; பார்க்க அதிகமில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மூன்றரை அதனால்தான். ஆனால் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 'நந்திப்போத்தரசர்க்கு ஐம்பதாவது'. பல்லவன் இரண்டாம் நந்திவர்மனின் 50ஆம் ஆண்டு, ஏறத்தாழ 780. நாகணந்தி குரவரோடு பொன்னியக்கியார் படிமத்தைச் செய்வித்தவன் புகழாளைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன்.

இன்னொன்று ராஜராஜனின் 8ஆம் ஆண்டு. அதைப் படித்தால் பள்ளிகள் எப்படி நலிந்தன என்று தெரியும். இலாடராயன் வீரசோழன் என்ற குறுநில மன்னன் தேவியோடு சாமி கும்பிட வருகிறான். முன்னிருந்த இலாடராயர்கள் 'கற்பூர விலை' என்ற வருமானத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டதால் பள்ளிச்சந்தம் கெட்டுக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள் என்று தேவி கேட்கிறாள். அவனும் கூறகன்பாடிப் பள்ளிச்சந்தத்துக்குக் கற்பூர விலையையும், 'அந்நியாயவாவதண்டவிறை' என்ற வரியையும் விட்டுக்கொடுக்கிறான். அது அனுமதியில்லாத தறிகள் மீது போட்ட வரி என்று கல்வெட்டாய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். இதைக் கெடுப்பவர்கள் கங்கைக்கும் குமரிக்கும் நடுவே செய்யப்பட்ட பாவமெல்லாம் கொள்வார்கள் என்று சாபம். 'அறமல்லது துணையில்லை' என்று முடிவு. சாபம் போட வேண்டியிருந்தது என்றால் மறுபடி எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது என்று பொருள். படையெடுத்து யாரும் இடிக்க வேண்டியதில்லை; வருமானத்தை மெல்ல உருவினால் போதும், பள்ளி தானாகவே காலியாகிவிடும்.

இதே மலையில் இருந்த சமண ஆசிரியர் அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியார், விளாப்பாக்கத்தில் 945-இல் ஒரு கிணறு வெட்டுவித்தார். முதல் பராந்தகனின் 38ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. குரத்தியார் என்றால் பெண் குரு. சமணத் துறவு ஆண்களின் இடம் என்று நினைப்பவர்கள் வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரின் கல்வெட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனகவீரக் குரத்தியாருக்கும் அவருடைய நானூறு மாணாக்கியருக்கும், ஐந்நூறு பேர் கொண்ட இன்னொரு தரப்புக்கும் சச்சரவு வந்தபோது, உள்ளூர்க்காரர்கள் முன்வந்து குரத்தியார் தரப்பைக் காத்து உணவிடுவதாக ஏற்றுக்கொண்டார்கள். நானூறு பேருக்குத் தினம் சோறு! அதற்கு எத்தனை கலம் நெல் என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வள்ளிமலை காட்பாடி வட்டம், பொன்னைக்குப் போகும் வழியில். முருகன் கோயிலுக்காக வருகிறவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு. அருணகிரிநாதர் பாடிய இடம், திருப்புகழைப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகளின் ஊர். சமணக் குகை என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியாது, வயதானவர்களிடம் கேளுங்கள். இங்கே கல்வெட்டு கன்னடத்தில். சிவமாரன், ஸ்ரீபுருஷன், ரணவிக்கிரமன் என்று முன்னோர் பெயரைச் சொல்லி, கங்க அரசன் ராஜமல்லன் இந்த வசதியைத் தோற்றுவித்தான் என்கிறது, 9ஆம் நூற்றாண்டு. வசதி என்றால் சமணக் கோயில். பாலசந்திரரின் மாணவர் அஜ்ஜணந்தி செய்வித்த உருவங்கள் உண்டு. அச்சணந்தி என்ற அதே பெயரை மதுரைப் பக்கத்துக் குன்றுகளில் நிறைய பார்க்கலாம். பாண அரசனின் குரு பவணந்தி, அவர் மாணவர் தேவசேனர் என்று இன்னொரு கல்வெட்டு. நன்னூல் எழுதிய பவணந்தி வேறு, பல நூற்றாண்டு பிந்தியவர். சிற்பங்கள் மூன்று இடங்களிலும் இங்கேதான் நல்ல நிலையில் இருக்கின்றன.

கிருத்திகையிலும் மாசித் தேரின்போதும் வள்ளிமலைக்குப் போகாதீர்கள். வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. சாதாரண வார நாளில் காலை ஏழுக்குப் போனால் பத்துக்குள் இறங்கி, பக்கத்து மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படையையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலூர் திரும்பிவிடலாம். பள்ளிப்படையில் இருக்கும் பள்ளி இறந்த அரசனின் துயில். சமணப் பள்ளியோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று கேட்கிறார்கள். வண்டி ஓடும், கண் ஓடாது. திருமலைக்கு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள், திரும்பும் வழியில் எதையும் சேர்க்காதீர்கள். மற்ற இரண்டும் வேறொரு நாள்: காலையில் வள்ளிமலை, மாலை நாலு மணிக்கு மேல் பஞ்சபாண்டவர் மலை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழு சார்ஜில் ஒரு தனி டார்ச். போனின் டார்ச்சை நம்பினால் இரண்டாவது குகையிலேயே பேட்டரி உட்கார்ந்துவிடும்.